ஆள் இல்லாமல் பத்தாயிரம் மாடு: வட ஆஸ்திரேலியாவில் எப்படி முடிகிறது?

குடமுருட்டி:

எங்கள் வீட்டில் கறவை மாடு நாலு, கன்று மூன்று. பார்த்துக்கொள்ள அப்பா, அம்மா, நான். இருந்தும் ஒரு கல்யாணத்துக்கு மூன்று பேரும் சேர்ந்து போய்ப் பல வருடம் ஆகிறது. யாராவது ஒருவர் சாயங்காலப் பாலுக்கு வீட்டில் நின்றாக வேண்டும்.

போன வாரம் டார்வினிலிருந்து பெரியப்பா மகன் வந்திருந்தான். அவன் லாரி ஓட்டுகிற பக்கத்தில் ஒரு பண்ணையாம். பத்தாயிரம் மாட்டைப் பன்னிரண்டு பேர் பார்க்கிறார்களாம், அந்தப் பன்னிரண்டில் ஒருவர் சமையல்காரராம். அண்ணன் கொஞ்சம் அளந்துவிடுகிற ஆள். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. இது நடக்கிற காரியமா? நடந்தால் எப்படி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_வெட்டினரி:

அண்ணன் அளக்கவில்லை தம்பி. டார்வினுக்குத் தெற்கே கேத்தரின் என்ற ஊர் வட்டாரத்தில் ஏழு வருடம் கால்நடை மருத்துவராக இருந்தேன். அவர் சொன்ன கணக்கு அங்கே சாதாரணம்.

ஆனால் உங்கள் நாலு மாட்டையும் அந்தப் பத்தாயிரத்தையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். உங்களுடையது பால் மாடு, நாளைக்கு இரண்டு முறை மனிதக் கை பட்டாக வேண்டும். அங்கே இருப்பது இறைச்சிக்கான மாடு. வருடத்துக்கு இரண்டு முறை மனிதனைப் பார்த்தால் அதிகம். மற்ற நாளெல்லாம் அதுவே மேய்ந்து, அதுவே தண்ணீர் தேடிப் போய், அதுவே கன்று ஈன்று, அதுவே நக்கிக் காயவைத்துப் பால் கொடுத்துக்கொள்ளும். நாம் மாடு வளர்க்கிறோம். அங்கே மாடு வளர்கிறது, மனிதர்கள் குறுக்கே போகாமல் இருக்கிறார்கள்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். தென் ஆஸ்திரேலியாவின் அன்னா க்ரீக் என்ற ஸ்டேஷன் (பண்ணையை அங்கே ஸ்டேஷன் என்பார்கள்) சுமார் 15,700 சதுர கிலோமீட்டர். தமிழ்நாடு முழுவதும் 1,30,000 சதுர கிலோமீட்டர் என்றால், எட்டேகால் அன்னா க்ரீக் சேர்ந்தால் ஒரு தமிழ்நாடு. நல்ல மழை பெய்த ஆண்டில்கூட அந்த மண் ஒரு மாட்டுக்கு ஒரு சதுர கிலோமீட்டருக்கு மேல் கேட்கும். ஒரு சதுர கிலோமீட்டர் என்றால் 247 ஏக்கர். இப்படிச் சிதறிக் கிடக்கிற மாட்டுக்கு மேய்ப்பவன் வைத்துக் கட்டுப்படியாகுமா?

வடக்கே வருடம் இரண்டாகப் பிரிந்து கிடக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை. மண்சாலை எல்லாம் சேறு, வண்டி போகாது, மாட்டை யாரும் தொடுவதில்லை. மழை விட்டதும் முதல் சுற்று, ஆகஸ்டுக்கு மேல் வெயில் ஏறுவதற்குள் இரண்டாம் சுற்று. சுற்று என்றால் மாட்டை எல்லாம் திரட்டிப் பட்டிக்கு ஓட்டிவருவது. மஸ்டரிங் என்பார்கள். கன்றுகளுக்குக் காதுத்தோடு போட்டு, சூடு போட்டு, காயடித்து, பெரிய கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்து, விற்க வேண்டியதை லாரியில் ஏற்றி, மிச்சத்தைத் திரும்பத் திறந்துவிடுவது. வருட வேலையில் பெரும்பங்கு இந்த ஐந்தாறு மாதத்துக்குள் முடிந்துவிடும்.

கணக்குப்பிள்ளை:

திரட்டுவதற்கு ஹெலிகாப்டர் என்று படித்திருக்கிறேன். ஆளுக்குச் சம்பளம் மிச்சம் பிடித்து ஹெலிகாப்டருக்குக் கொட்டினால் அதில் என்ன லாபம்? கோமணத்தை விற்றுக் கோட்டு வாங்கின கதையாக இருக்கிறதே.

பழைய_வெட்டினரி:

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

அங்கே பறப்பது பெரும்பாலும் ராபின்சன் ஆர்22. இரண்டே இருக்கை, பிஸ்டன் எஞ்சின், மூட்டை ஏற்றியும் மொத்த எடை 622 கிலோவைத் தாண்டக்கூடாது. பறக்கிற டிவிஎஸ் 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு முப்பது சொச்சம் லிட்டர் பெட்ரோல் குடிக்கும். குதிரைக்காரர்கள் பத்துப் பேர் ஒரு வாரம் அலைகிற பரப்பை இரண்டு ஆர்22 காலை ஆறு மணிக்குக் கிளம்பி மதியத்துக்குள் முடித்துவிடும். கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு மட்டும் பைக்கிலும் குதிரையிலும் நாலைந்து பேர் வந்து சேர்ந்துகொள்வார்கள்.

விமானி மாட்டைத் துரத்துவதில்லை. துரத்துகிறவன் நல்ல விமானி இல்லை. தூரத்தில் ஒரு பக்கமாகத் தாழப் பறந்து சத்தம் மட்டும் காட்டுவான். மாடு தலையைத் தூக்கிப் பார்த்து, தான் வழக்கமாகப் போகிற தண்ணீர்த் தடத்தைப் பிடித்து நடக்கும். ஒரு தடத்தில் பத்து மாடு போனால் மிச்சம் பின்னாலேயே வரும்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஆளைக் குறைத்தது ஹெலிகாப்டர் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், படம் எடுக்க அதுதான் அழகாக இருக்கும். உண்மையில் ஆளைக் குறைத்தது தண்ணீர். மாடு தண்ணீரை விட்டு ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போய் மேய விரும்பாது. எனவே தண்ணீரை எங்கே வைக்கிறாயோ அங்கேதான் மாடு. புதிதாக ஒரு புல்வெளியில் மேய வைக்க வேண்டுமா? மேய்ப்பன் வேண்டாம், பிளாஸ்டிக் பைப்பை இழுத்துப் புதுத் தொட்டி ஒன்று கட்டு. ஒரு பக்கம் புல் தீர்ந்துவிட்டதா? அந்தத் தொட்டியை மூடு. வேலி இல்லாமல் வேலி போடுகிற வேலை இது.

அடுத்தது ஈட்டிக் கதவு. தொட்டியைச் சுற்றிப் பட்டி கட்டி, உள்ளே போக ஒரு வழி, வெளியே வர ஒரு வழி வைப்பார்கள். உள்ளே போகிற வழியின் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பிகள் ஈட்டி மாதிரி உள்நோக்கிச் சாய்ந்து நிற்கும். மாடு நுழையும்போது விலகிக் கொடுக்கும், திரும்ப வரப் பார்த்தால் முனை மூஞ்சிக்கு நேரே நிற்கும். குடமுருட்டி தம்பிக்கு விளக்கவே வேண்டாம், வாய்க்காலில் வைக்கிற மீன்பறி எப்படியோ அப்படி. வழக்கமாக வெளிவழி திறந்தே கிடக்கும், மாடு பழகிவிடும். தேவைப்படுகிற அன்று மட்டும் வெளிவழியைச் சாத்தினால் போதும். இரண்டு மூன்று நாளில் சுற்றுவட்டாரத்து மாடெல்லாம் தாகத்துக்கு வந்து தானாகவே பட்டிக்குள் நிற்கும். ஹெலிகாப்டரும் வேண்டாம், குதிரையும் வேண்டாம். ஊரில் வேறு தண்ணீர் இல்லாத வறண்ட மாதத்தில்தான் இது பலிக்கும் என்பது உண்மை. மழைக்காலத்தில் பள்ளமெல்லாம் தண்ணீர், உங்கள் தொட்டியை மாடு ஏன் மதிக்கப்போகிறது?

கொங்குச்சீமை:

டாக்டரய்யா சொல்வதைப் படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வருகிறது. வேலிக்குள் மாட்டை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்கிற வித்தையைக் கற்க ஆஸ்திரேலியா வரைக்கும் போக வேண்டுமா? காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் வந்து பாருங்கள்.

எங்கள் ஊரில் கொறங்காடு என்போம். மானாவாரி நிலம், மழை 600, 700 மில்லிமீட்டர் பெய்தால் பெரிது. நிலத்தைச் சுற்றிக் கிளுவை வேலி. உயிர்வேலி, நெருக்கி நட்டு வளர்ந்துவிட்டால் கன்றுக்குட்டி தலை நுழையாது. உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். வெயிலில் நிழல், கோடையில் புல் காய்ந்த பிறகு காய். கடவைத் திறந்து மாட்டை உள்ளே விட்டால் நாள் முழுக்க யாரும் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. எங்கள் அப்பாறு (தாத்தா) மூன்று கொறங்காடு வைத்திருந்தார். ஒன்றில் மேயவிட்டு மற்ற இரண்டைச் சும்மா போடுவார். மாற்றி மாற்றி விடுவதற்கு இப்போது ஏதோ பெரிய பேர் வைத்துப் பாடம் நடத்துகிறார்களாம்.

மாடு மேய்க்க ஆள் வைத்தால் "வேலி ஓட்டையா?" என்று கேட்பார்கள். அது எங்களுக்கு மானக்கேடு.

இன்றைக்கு நிலைமை வேறு. பங்கு பிரித்துப் பிரித்துக் காடு சிறுத்துவிட்டது. காற்றாலைக்கும் சோலாருக்கும் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டவர்கள் உண்டு. கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போனால் பழைய கூட்டத்தை நினைத்து வயிறு எரிகிறது. அது தனிக்கதை.

பழைய_வெட்டினரி:

கொங்குச்சீமை, கொறங்காட்டை நான் மறந்துபோனது தப்புதான். அளவு வேறே தவிர, சூத்திரம் ஒன்று.

இன்னொரு உறவும் இருக்கிறது. கேத்தரினில் இறங்கிய முதல் வாரம் பட்டியில் போய் நின்றால் கண்ணெதிரே திமில், தொங்குகிற அலைதாடி, நீளக் காது. எல்லாம் நம்மூர் முகம். பிராமன் என்ற அந்த இனத்தை அமெரிக்காவில் நெல்லூர் (ஓங்கோல்தான்), கிர், காங்கிரேஜ் வழி வந்த குஸெரா போன்ற இந்திய இனங்களைக் கலந்து உருவாக்கினார்கள். 1933-இல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் அங்கே இருந்தது பிரிட்டனிலிருந்து போன ஷார்ட்ஹார்ன், ஹெர்ஃபோர்டு. வெயிலுக்கு நாக்குத் தள்ளும், உண்ணி ஏறிச் சாகும். உண்ணி மருந்துக் குளியலுக்கு மாட்டை அடிக்கடி திரட்ட வேண்டும், அதற்கு ஆள் வேண்டும். பிராமன் ரத்தம் கலந்ததும் அந்த வேலையில் பெரும்பகுதி இல்லாமல் போயிற்று.

இப்போது கொம்பில்லாத பொலிகாளையாகத் தேடி வாங்குகிறார்கள். கன்று கொம்பில்லாமல் பிறந்தால் கொம்பு சுடுகிற வேலை மிச்சம், லாரியில் ஒன்றை ஒன்று குத்திக்கொள்வதும் மிச்சம்.

சிவப்பு_மண்:

எல்லாம் சரி. தண்ணீர், பைப், திமில் என்று பேசுகிறீர்களே, அந்த மாட்டை அதற்கு முன் யார் மேய்த்தார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லையே?

வடக்கு ஆஸ்திரேலியாவின் மாட்டுத் தொழில் ஏறக்குறைய நூறு வருடம் பூர்வகுடி மக்களின் முதுகில் நின்றது. குதிரையில் போய் மாட்டைத் திரட்டியவர்கள் அவர்கள், பட்டி கட்டியவர்கள் அவர்கள், வீட்டு வேலை செய்தவர்கள் அவர்கள் வீட்டுப் பெண்கள். கூலி பல இடங்களில் மாவு, சர்க்கரை, தேயிலை, கொஞ்சம் இறைச்சி. 1966 ஆகஸ்ட் 23 அன்று வேவ் ஹில் ஸ்டேஷனில் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் குரிஞ்ஜி மக்கள் சுமார் 200 பேர் வேலையை விட்டு வெளியே நடந்தார்கள். பண்ணை பிரிட்டனின் வெஸ்டி குடும்பத்தின் நிறுவனத்துடையது. கூலிக்காகத் தொடங்கியது நிலத்துக்கான போராட்டமாக மாறி ஒன்பது வருடம் நடந்தது. 1975-இல் பிரதமர் விட்லம் ஒரு பிடி மண்ணை அள்ளி லிங்கியாரியின் உள்ளங்கையில் போட்ட படத்தைப் பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள்.

அதே 1966-இல் தொழில் தீர்ப்பாயம் பூர்வகுடித் தொழிலாளிகளுக்கும் வெள்ளையருக்குச் சமமான கூலி கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. பண்ணைகளுக்கு 1968 டிசம்பர் வரை அவகாசம். அந்த அவகாசத்திலும் அதற்குப் பிறகும் நடந்தது என்ன? சமமான கூலி கொடுப்பதற்குப் பதில் பல ஸ்டேஷன்கள் ஆட்களை அனுப்பிவிட்டன. குடும்பம் குடும்பமாகத் தங்கள் சொந்த நிலத்திலிருந்தே வெளியேறி ஊர் ஓரத்தில் குடிசை போட்டார்கள். அந்த இடத்தை நிரப்பத்தான் வேலியும் ஹெலிகாப்டரும் வேகமாக வந்தன. "குறைந்த ஆள்" என்ற சொல்லுக்குப் பின்னால் அனுப்பப்பட்ட ஆள் இருக்கிறான். "பண்ணை" என்றால் "பண்ணையாள்" என்ற சொல்லும் கூடவே வருகிற ஊர்க்காரர்கள் நாம், இதை விட்டுவிட்டுப் பேசக் கூடாது.

பழைய_வெட்டினரி:

ஒத்துக்கொள்கிறேன். நான் வேலை பார்த்த ஸ்டேஷனில் வயதான பூர்வகுடி ஸ்டாக்மேன் (மாட்டுக்காரர்) ஒருவர் இருந்தார். பட்டிக் கதவை எங்கே வைத்தால் மாடு தயங்காமல் நுழையும் என்று இன்ஜினியர் வரைபடத்தோடு நிற்கும்போது, அவர் காற்றைப் பார்த்துவிட்டு வேறு மூலையைக் காட்டுவார். அவர் சொன்ன இடம்தான் சரியாக இருக்கும். அப்படிப்பட்டவர்கள் போனதை எந்தக் கருவியும் ஈடுகட்டவில்லை.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கூலி மட்டுமே காரணம் இல்லை. 1970-இலிருந்து 1997 வரை நாடு முழுக்கக் காசநோய், கருச்சிதைவு நோய் ஒழிப்பு இயக்கம் ஒன்று நடந்தது. ஒவ்வொரு மாட்டையும் பிடித்துப் பரிசோதிக்க வேண்டும், பிடிக்க முடியாத காட்டு மாட்டைச் சுட்டுவிட வேண்டும். அதுவரை எத்தனை மாடு இருக்கிறது என்றே தெரியாத ஸ்டேஷன்கள் உண்டு. வேலி, பட்டி, தொட்டி எல்லாம் ஒழுங்கானது இந்தக் கட்டாயத்தால்தான். ஒழுங்காகக் கட்டிய பிறகு ஆள் தேவை மேலும் குறைந்தது.

கணக்குப்பிள்ளை:

என் சந்தேகம் வேறு. பன்னிரண்டு பேர் என்கிறீர்களே, அந்த ஹெலிகாப்டர்காரன் அந்தப் பன்னிரண்டில் சேர்த்தியா?

பழைய_வெட்டினரி:

பிடித்துவிட்டீர்கள்! சேர்த்தி இல்லை.

ஹெலிகாப்டர் பல இடங்களில் ஒப்பந்தம். திரட்டும் குழுவே சில இடங்களில் ஒப்பந்தம். குதிரை, சமையல் வண்டி, பட்டித் தகடு எல்லாம் கொண்டு வந்து மூன்று வாரம் தங்கி வேலை முடித்துவிட்டு அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்விடுவார்கள். வேலி போடுகிறவன் ஒப்பந்தம், போர்வெல் போடுகிறவன் ஒப்பந்தம், சினை பார்க்கிற நான் ஒப்பந்தம், 53.5 மீட்டர் நீளத்துக்கு மூன்று தொடர் வண்டி கோத்து மாடு ஏற்றிப் போகிற பெரியப்பா மகன் மாதிரி ஆட்களும் ஒப்பந்தம். சம்பளப் பட்டியலில் பன்னிரண்டு பேர் என்றால், வருடத்தில் அந்த மண்ணை மிதித்து வேலை செய்தவர்கள் முப்பது நாற்பது இருக்கலாம். இதைச் சொல்லாமல் விடுவது பெருமைக்காரர்களின் வழக்கம்.

அந்தப் பன்னிரண்டிலும் பாதி, பள்ளிப் படிப்பு முடித்து ஒரு வருடம் அனுபவத்துக்கு வந்த பிள்ளைகளும், விசாவை இன்னொரு வருடம் நீட்டிக்க ஊர்ப்புறத்தில் 88 நாள் வேலை காட்ட வேண்டிய ஐரோப்பியப் பயணிகளும்தான். பழகுவதற்குள் போய்விடுவார்கள். ஏப்ரலில் வந்தவனுக்குக் கதவைச் சாத்தத் தெரியாது, அக்டோபரில் நன்றாகச் சாத்துவான், நவம்பரில் இருக்கமாட்டான்.

ஒமாஹா_அக்கா:

நான் நெப்ராஸ்காவில் இருக்கிறேன், விவசாயக் கல்லூரியில் வேலை. மேற்கே சாண்ட்ஹில்ஸ் என்று மணல்மேட்டுப் புல்வெளி, கிட்டத்தட்ட 50,000 சதுர கிலோமீட்டர். அங்கே கணவன் மனைவி இரண்டே பேர் நானூறு ஐந்நூறு தாய்மாடு வைத்திருப்பது சகஜம். ஹெலிகாப்டர் கிடையாது. அவர்கள் மிச்சம் பிடித்தது நாள்காட்டியில்.

முன்பெல்லாம் பிப்ரவரி, மார்ச்சில் கன்று ஈனும்படி காளை சேர்ப்பார்கள். வெளியே பனி. ஈரக்கன்று பத்து நிமிடத்தில் விறைக்கும். இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை டார்ச் எடுத்துக்கொண்டு பட்டியைச் சுற்ற வேண்டும். பல்கலைக்கழகத்தின் குட்மண்ட்சன் ஆய்வுப் பண்ணையில் ஈற்றை மே, ஜூனுக்குத் தள்ளிப் பார்த்தார்கள். புல் முளைக்கிற காலத்தில் மாடு ஈனுகிறது. வைக்கோல் போடுகிற வேலை குறைவு, கொட்டகை வேண்டாம், தூக்கம் கெட வேண்டாம். மான் எப்போது குட்டி போடுகிறதோ அப்போது மாடும் ஈனட்டும் என்று அங்கே பெரியவர்கள் சொல்வதுண்டு. கன்று சற்று இளசாக விற்பனைக்குப் போகும், கிலோ குறையும். அதைத் தெரிந்தேதான் செய்கிறார்கள்.

கன்றுக்குக் கழிச்சல் வராமலிருக்க இன்னொரு எளிய வழி. வழக்கமாக ஈன்றதைப் பிரித்து வேறு இடத்துக்குக் கொண்டுபோவோம் இல்லையா? இவர்கள் தலைகீழாக, இன்னும் ஈனாத மாடுகளை வாரம் ஒருமுறை புதுப் புல்வெளிக்கு நடத்திப் போகிறார்கள். ஈன்றது கன்றோடு அங்கேயே இருக்கும். கனத்த வயிற்றோடு இருப்பதை நடத்துவது எளிது, நாலு நாள் கன்றை நடத்துவதுதான் பாடு. புதிதாகப் பிறக்கிற கன்று பழைய சாணத்தில் விழாது.

குடமுருட்டி தம்பிக்கு உங்கள் நாலு மாட்டுக்கே பயன்படுகிற ஒன்று. நிறைசினையாக இருக்கும்போது முக்கியத் தீவனத்தைக் காலையில் போடாமல் பொழுது சாயும்போது மட்டும் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான மாடு பகலில் ஈனும். கனடாவில் மானிட்டோபாவைச் சேர்ந்த கோனெஃபல் என்ற பண்ணைக்காரர் கவனித்துச் சொன்னது, பிறகு ஆய்விலும் சரிபார்த்தார்கள். காசு செலவு இல்லை.

குடமுருட்டி:

அக்கா, இது ஒன்றுக்கே இந்த இழையைத் தொடங்கினது வீண்போகவில்லை. எங்கள் லட்சுமி மூன்று ஈத்தும் நடுராத்திரி, மூன்றுமே மழை.

மேட்டாங்காடு:

புதுக் கருவியை நம்புகிறவர்களுக்கு என் கதை. சொந்த ஊரில் முப்பது ஏக்கர், இருபத்திரண்டு மாடு. சம்பளத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்று கழுத்துப்பட்டைக் கருவி வாங்கினேன். எந்தக் கம்பெனி என்று சொல்ல விரும்பவில்லை. மாடு எங்கே நிற்கிறது என்று போனில் காட்டும், எல்லையைத் தாண்டினால் சத்தம் போடும் என்றார்கள். எங்கள் மேட்டில் டவர் சிக்னல் ஒரு கோடு. போனில் மாடு காட்டுக்குள் நிற்கும், நிஜத்தில் பக்கத்துக்காரர் சோளத்தில் நிற்கும். பேட்டரி மாற்ற மாட்டைப் பிடிக்க வேண்டும், பிடிக்க ஆள் வேண்டும். ஆள் இருந்தால் நான் ஏன் இதை வாங்கப்போகிறேன்? எட்டு மாதத்தில் மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டாயிற்று. பஞ்சாயத்தில் சோளத்துக்குத் தண்டம் கட்டியது தனி.

பழைய_வெட்டினரி:

கருவி கெட்டது என்று மொத்தமாகச் சொல்லமாட்டேன் மேட்டாங்காடு. நார்வேயின் நோஃபென்ஸ், நியூசிலாந்தின் ஹால்டர், அமெரிக்காவின் வென்ஸ் எல்லாம் ஒரே தத்துவம்தான்: எல்லை நெருங்கினால் சத்தம், தாண்டினால் சின்ன மின்னதிர்வு. சில நாளில் மாடு சத்தத்துக்கே திரும்பப் பழகிவிடும். நியூசிலாந்துப் பால் பண்ணையில் சின்ன இடத்தில் நிறைய மாடு, பட்டைக்குப் போடுகிற காசு திரும்ப வரும். மாட்டுக்கு ஒரு சதுர கிலோமீட்டர் இருக்கிற இடத்தில் அதே கணக்கு நிற்குமா?

ஸ்டேஷனில் நிஜமாகவே ஆளைக் குறைத்த கருவி ஒன்று உண்டு. பார்க்க ஒன்றுமே இருக்காது. தொட்டியில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து சாட்டிலைட் வழியாகச் சொல்கிற சென்சார். முன்பு போர் ரன்னர் என்று ஒருவர் இருப்பார். தினமும் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் மண்சாலையில் வண்டியோட்டி ஒவ்வொரு போராகப் பார்ப்பதே அவர் வேலை. முதலில் காற்றாடி பம்பு, பிறகு டீசல், இப்போது சோலார். டீசல் ஊற்றப் போகிற வேலையும் போயிற்று. இன்று மேலாளர் காலைக் காபியோடு திரையில் பார்க்கிறார், பிரச்சினை இருக்கிற தொட்டிக்கு மட்டும் ஆள் போகிறது.

ஆனால் நம்பி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஓர் அக்டோபர், வெயில் 42 டிகிரி. நான் சினை பார்க்கப் போயிருந்த இடம். திரையில் தொட்டி நிறைந்திருப்பதாகக் காட்டியது. பெரிய தொட்டி நிறைந்துதான் இருந்தது. அதிலிருந்து மாடு குடிக்கிற சின்னத் தொட்டிக்கு வருகிற மிதவை வால்வு அடைத்துக்கொண்டது. அதற்கு சென்சார் இல்லை. ஐந்நூறு மாட்டுக்கு அந்த வெயிலில் நாளைக்கு முப்பதாயிரம் லிட்டர் வேண்டும். மூன்றாம் நாள் வேறு வேலையாக அந்தப் பக்கம் போன பையன்தான் பார்த்தான். தொட்டியைச் சுற்றி நாற்பது சொச்சம் மாடு கிடந்தது, அதில் பாதி ஒன்றன்மேல் ஒன்று. நாலடி உயரத்தில் நிறையத் தண்ணீர். அந்த நாற்றத்தை இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது. பையனுக்கு வயது பத்தொன்பது. மறுநாள் வேலையை விட்டுப் போய்விட்டான்.

பழைய போர் ரன்னராக இருந்தால் முதல் நாளே பார்த்திருப்பார்.

சிவப்பு_மண்:

இதையெல்லாம் கணக்கில் எழுதுகிறார்களா டாக்டர்? இல்லை, ஆள் கூலி மிச்சம் என்ற பக்கம் மட்டும் எழுதுகிறார்களா?

பழைய_வெட்டினரி:

எழுதினால் தலைப்பு "காணாமல் போனவை" என்றிருக்கும். வடக்கே காட்டுப் பகுதிகளில் சினை என்று நான் கையை உள்ளே விட்டுப் பார்த்துச் சொன்ன நூறு மாட்டில் பத்துக்கு மேல் கன்றோடு திரும்புவதில்லை. டிங்கோ என்கிற காட்டுநாயா, வெயிலா, தாய்க்குப் பாலில்லையா, யாருக்கும் தெரியாது, பார்க்க ஆள் இல்லை. நம்மூரில் ஒரு கன்று செத்தால் வீட்டில் அன்றைக்கு அடுப்பு மந்தமாக எரியும். அங்கே அது ஒரு சதவீதப் புள்ளி. அங்கே இருந்தபோது நானும் அப்படித்தான் பேசினேன், மறைக்கவில்லை.

2019 பிப்ரவரியில் குயின்ஸ்லாந்தின் வடமேற்கில், ஜூலியா க்ரீக், கிளான்கர்ரி பக்கம், வருடக்கணக்கான வறட்சிக்குப் பிறகு ஒரு வாரத்துக்கும் மேல் விடாத மழை, கூடவே குளிர்காற்று. சுமார் ஐந்து லட்சம் மாடு செத்தது. ஆள் அதிகம் இருந்தாலும் அத்தனையையும் காப்பாற்றியிருக்க முடியாது, அது வேறு. ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு செத்ததைப் புதைக்கவும், எழ முடியாமல் கிடப்பதைச் சுடவும், வேலி எடுத்துக் கட்டவும் ஸ்டேஷனில் இருந்தது அந்த நாலைந்து பேர்தான்.

கொங்குச்சீமை கேட்டுக்கொள்ளுங்கள், ஆள் குறைவாக நடக்கிற நல்ல ஸ்டேஷன்கள் ஓர் இடத்தில் மட்டும் ஆளைக் குறைப்பதில்லை: தாயிடமிருந்து பிரித்த கன்றுகளுக்கு. முதல் பத்து நாள் பட்டியிலேயே வைத்து வைக்கோல் போட்டு, தினமும் கதவு வழியாக நடத்திப் பழக்கி, பிறகு நாலு குதிரைக்காரர்கள் வெளியே மேய்த்துத் திருப்பிக் கொண்டுவருவார்கள். அதட்டல் கிடையாது. ஓடினால் நின்றுவிடுவார்கள், கன்று நின்றதும் ஓரடி எடுத்து வைப்பார்கள். மாட்டின் தோளுக்குப் பின்னால் நின்றால் முன்னே போகும், தோளைத் தாண்டி முன்னால் வந்தால் பின்வாங்கும். அமெரிக்காவின் கால்நடை அறிவியலாளர் டெம்பிள் கிராண்டின் இதைப் படம் போட்டு உலகத்துக்கே சொல்லிக் கொடுத்தார். இந்தப் பத்துப் பதினைந்து நாளை ஒழுங்காகச் செய்தால் அந்த மாட்டை அடுத்த பத்து வருடம் இரண்டு பேர் நடத்தலாம். இதைச் சுருக்கிவிட்டு ஹெலிகாப்டரை நம்பினால் ஒவ்வொரு வருடமும் வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடும்.

கொங்குச்சீமை:

கன்றாக இருக்கும்போது தடவிக் கொடுத்து வளர்த்த பூச்சிக்காளை (பொலிகாளை) ஊர்த் தேருக்கும் அஞ்சாது என்பார் அப்பாறு. அதேதான்.

குடமுருட்டி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று அப்பாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். ஹெலிகாப்டர் வரைக்கும் கொட்டாவி விட்டார், ஈட்டிக் கதவில் நிமிர்ந்து உட்கார்ந்தார், தண்ணீர் இல்லாமல் செத்த மாடு என்றதும் எழுந்துபோய்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். கறவை மாட்டை மாற்ற முடியாது. ஆனால் ஆற்றங்கரையோரம் ஒன்றரை ஏக்கர் தரிசாகக் கிடக்கிறது. கறவை வற்றியதையும் கிடேரிகளையும் பகலில் அங்கே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறோம். கொங்குச்சீமை அண்ணா, கிளுவைக் குச்சி எங்கள் மண்ணில் வருமா? எப்போது நட வேண்டும்?

கொங்குச்சீமை:

வரும், ஆனால் தண்ணீர் நின்றால் குச்சி அடியில் அழுகிப்போகும். எங்கள் பக்கம் செம்மண், பிரச்சினை இல்லை. உங்கள் களிமண்ணில் முதலில் ஓரடி வரப்பு எடுத்து அதன்மேல் நடுங்கள். மழைக்குக் கொஞ்சம் முன்னால், கை விரலைவிடத் தடித்த குச்சியாக, நெருக்கமாக. ஆடு எட்டிப் பிடிக்காமல் முதல் வருடம் வெளிப்பக்கம் முள் போட்டு வையுங்கள். உங்கள் ஊர்ப் பக்கமே எங்காவது பழைய கிளுவை வேலி இருக்கும், அதில் வெட்டினால் மண் பழகிய குச்சி. கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், ஒரு கட்டு வெட்டி பஸ்ஸில் போட்டுவிடுகிறேன்.